மீன் செத்த ஓடையில் எதைச் சோதிப்பது, எப்போது சோதிப்பது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்திலிருந்து இறங்கி உங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரும் ஓடையில், ஒரு மாலை மழைக்கு மறுநாள் காலையில் அயிரையும் கெண்டையும் செத்து மிதந்தன. ஓடை இறாலும் செத்துக் கிடந்தது. நத்தைகள் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தன. மேலே நெல், தென்னை, மல்லிகைத் தோட்டங்கள் இருக்கின்றன. எட்டாம் நாள் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பரிசோதித்தீர்கள். எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று அறிக்கை வந்தது. அதை நம்பலாமா, மாட்டை இறக்கலாமா, ஓடை பிழைத்துவிட்டதா என்று கேட்கிறீர்கள்.

அறிக்கையில் பொய் இருக்காது. ஆனால் அது எட்டாம் நாள் தண்ணீரைப் பற்றிய அறிக்கை. ஓடை விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தால்கூட ஒரு நாளில் 17 கிலோமீட்டர் போய்விடும். மீனைக் கொன்ற தண்ணீர் அன்று மாலைக்குள்ளேயே உங்கள் ஊரைத் தாண்டியிருக்கும், அல்லது கண்மாய் நீரோடு கலந்து அடையாளம் தெரியாமல் போயிருக்கும். இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் குறிப்பிட்டிருப்பவை பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு), உப்பின் அளவு, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட். இது குடிநீருக்கான பட்டியல். இதில் கரைந்த ஆக்சிஜன் இல்லை, அம்மோனியா இல்லை, பூச்சிமருந்து எதுவுமே இல்லை. மீனைக் கொன்றிருக்கக்கூடிய மூன்றையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் நலம் என்று சொல்லும் தாள் அது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், கண்மாயில் மீன் செத்த நான்காம் நாள், கலர் குடித்த பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மூன்று பஸ் மாறி, வெயிலில் கொண்டுவந்தார். கேட்ட பரிசோதனையைச் செய்து கொடுத்தோம். எல்லாம் வரம்புக்குள். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "அப்போ மீன் சும்மாவா செத்தது?" என்று கேட்டார். அவருக்கு அன்று சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன்பிறகுதான் பாட்டிலை விட்டு ஓடைக்குள் இறங்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. உங்களுக்குச் சொல்லப்போவதில் பாதி அங்கே கற்றது.

முதலில், செத்தது எது, பிழைத்தது எது என்பதுதான் பெரிய தடயம். அதை நீங்கள் கவனித்து எழுதியிருப்பதற்கு நன்றி. பலர் மீனை எண்ணுவதோடு நின்றுவிடுவார்கள்.

ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும்போது ஒரு வரிசை உண்டு. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். உடல் பெரிதாக இருப்பவற்றுக்குத் தேவையும் பெரிது என்பதால், ஒரே இனத்தில் பெரியவை முதலில் சாகும். விராலும் குறவையும் தேளியும் பனையேறிக் கெண்டையும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் என்பதால் தப்பிவிடும். ஜிலேபிக் கெண்டையும் குறைந்த ஆக்சிஜனைத் தாங்கும். தண்ணீர் பெரும்பாலும் கறுத்து, அழுகல் நாற்றத்தோடு இருக்கும். கோழி எரு, சாணக் குழி, கரும்பு ஆலைச் சக்கைச்சேறு, வயலில் மக்கிக்கொண்டிருக்கும் நெல் தாள் என்று எதையாவது முதல் மழை அடித்துக்கொண்டு வந்தால் இப்படி நடக்கும். அவற்றை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும்.

பூச்சிக்கொல்லி வந்தால் வரிசை மாறும். சிறிய மீன் முதலில் போகும். மீன் தள்ளாடும், சுழலும், துள்ளிக் கரையேற முயலும். பூச்சிகளும் இறால்களும் ஒன்றாகச் சாகும். இறாலும் பூச்சியும் உடலமைப்பில் உறவுக்காரர்கள், பூச்சிக்குச் செய்த மருந்து இறாலை விடாது. நத்தைகளோ சைபர்மெத்ரின் போன்ற பைரெத்திராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். பாசியும் வாடாமல் பச்சையாகவே இருக்கும்.

இப்போது உங்கள் ஓடையைப் பாருங்கள். அயிரை செத்திருக்கிறது. மணலுக்குள் புதைந்து கிடக்கும் இந்தச் சின்ன மீன், நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியாக ஓரளவு சமாளிக்கக்கூடியது. அது செத்து, இறால் செத்து, நத்தை பிழைத்திருக்கிறது. அழுகல் நாற்றம் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. என் சந்தேகம் பூச்சிக்கொல்லி மீது போகிறது. இது சந்தேகம் மட்டுமே. இதை வைத்து யார் தோட்டத்தையும் சுட்டிக்காட்டிவிடாதீர்கள்.

அளவு எவ்வளவு சிறியது என்று பலருக்குத் தெரிவதில்லை, அதனால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சைபர்மெத்ரின் 25 சதவீத மருந்து கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பாட்டிலின் அடியில் 10 மில்லிலிட்டர் மிச்சம் இருந்தால் அதில் சுமார் 2.5 கிராம் மருந்து இருக்கிறது, அதாவது 25 லட்சம் மைக்ரோகிராம். கெண்டை வகை மீன்களை ஆய்வகத்தில் லிட்டருக்கு ஒன்றிலிருந்து சில மைக்ரோகிராம் அளவிலேயே கொல்லும் பொருள் இது. லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டாலும் அந்த 10 மில்லிலிட்டர் 5 லட்சம் லிட்டர் தண்ணீருக்குப் போதும். விநாடிக்கு 20 லிட்டர் ஓடும் சிறு ஓடையில் அது ஏழு மணி நேரத்துத் தண்ணீர். கரையில் உட்கார்ந்து ஒருவர் தெளிப்பானையும் பாட்டிலையும் அலசிவிட்டுப் போவதே சில சமயம் முழுக் கதையாக இருக்கிறது. மழையும் வேண்டியதில்லை, கெட்ட எண்ணமும் வேண்டியதில்லை.

டப்பாவில் இருக்கும் வண்ண முக்கோணத்தை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று இருக்கும் அந்த அடையாளம் மனிதனையும் பாலூட்டிகளையும் கணக்கில் வைத்துப் போடப்பட்டது. மஞ்சளோ நீலமோ போட்ட மருந்து மீனுக்கும் சாதுவானது என்று பொருள் இல்லை. பைரெத்திராய்டு மருந்துகள் மாட்டை விட மீனுக்குப் பல மடங்கு கொடியவை. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி இதற்கு மறுபக்கம்: மீனை அவ்வளவாகத் தாக்காது, ஆனால் மீன் தின்னும் நீர்ப்பூச்சிகளைத் துடைத்துவிடும், மீன் சில வாரம் கழித்துப் பட்டினியில் குறையும். அப்போது கரையில் பிணம் எதுவும் ஒதுங்காது என்பதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

அம்மோனியாவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யூரியா மேலுரம் போட்ட மறுநாள் மழை பெய்து வடிந்தால் இதுவும் வரும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவில் இருக்கிறது. மீனுக்கு நஞ்சாவது அயனியாகாத, அதாவது மின்னூட்டம் பெறாத அம்மோனியா. வெப்பம் 25 டிகிரி இருக்கும்போது, பி.எச். 7இல் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே அந்த உருவில் இருக்கும்; பி.எச். 8இல் சுமார் ஐந்து, பி.எச். 9இல் முப்பதைத் தாண்டிவிடும். பாசி நிறைந்த தண்ணீரில் பிற்பகலில் பி.எச். ஏறும். ஆகவே காலையில் தாங்கிய மீன் மாலை நான்கு மணிக்குச் சாகலாம். அம்மோனியா அளவை மட்டும் எழுதி, பி.எச்., வெப்பம், நேரம் மூன்றையும் எழுதாத அறிக்கையால் பயனில்லை.

நேரம் என்பது ஆக்சிஜனுக்கு இன்னும் முக்கியம். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் இயல்பாக ஏந்தும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன்வளத்துக்கு உகந்த நீரை ‘டி’ வகுப்பு என்கிறது. அதற்கு ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, பி.எச். 6.5 முதல் 8.5 வரை, தனி (அயனியாகாத) அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது. அந்த அம்மோனியா வரம்பு தாராளமானது என்பது என் கருத்து. அதற்கு வெகு கீழேயே பல மீன்கள் துன்பப்படும். பாசி பிடித்த ஓடையில் பிற்பகல் மூன்று மணிக்கு மீட்டரை விட்டால் 9, 10 என்றுகூடக் காட்டும். அதே இடத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு 2 இருக்கலாம். மீன் வாழ்வது அந்த ஐந்தரை மணித் தண்ணீரில். அலுவலக நேரத்தில் வந்து அளந்துவிட்டுப் போனவரின் எண்ணை விட, விடிவதற்கு முன் நீங்கள் இரவல் மீட்டரில் எடுத்த எண்ணுக்கு நான் அதிக மதிப்பு தருவேன். மீட்டர் கிடைக்காவிட்டால் விங்க்ளர் முறை இருக்கிறது. 1888இல் வந்த பழைய முறை, இன்றும் நம்பகமானது: மூடியிட்ட கண்ணாடிப் புட்டியில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்தால், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகவும் இல்லாவிட்டால் வெள்ளையாகவும் வண்டல் படியும். பள்ளி வேதியியல் ஆசிரியர் ஒருவர் துணைக்கு இருந்தால் முழு அளவையும் கணக்கிட்டுவிடலாம்.

சரி, நாள் கடந்துவிட்டது. இப்போது என்ன செய்யலாம் என்றுதானே கேட்பீர்கள். தண்ணீர் போய்விட்டது. ஆனால் ஓடையின் அடியும் அதில் வாழும் பூச்சிகளும் அங்கேயேதான் இருக்கின்றன. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அடுத்த பாட்டிலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைத்தான் செய்வேன்.

ஒரு நைலான் கொசுவலைத் துண்டை இரண்டு கம்புகளில் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தட்டு ஒன்று, பழைய பீங்கான் தட்டானாலும் சரி. சந்தேகப்படும் தோட்டங்களுக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், அதற்கும் அரை கிலோமீட்டர் கீழே இன்னோர் இடம் என்று மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்கவேண்டும்: கல்லும் சரளையும், கணுக்கால் முதல் முழங்கால் வரை ஆழம், ஓரளவு ஓட்டம். மேலே சரளையிலும் கீழே சேற்றிலும் எடுத்து ஒப்பிட்டால் மாசைக் காட்டாது, தரை வேறுபாட்டைத்தான் காட்டும். வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதன் முன்னால் காலால் கற்களைப் புரட்டிக் கிளறுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிமிடம், கடிகாரம் பார்த்து. வலையில் விழுந்ததைத் தட்டில் கொஞ்சம் நீரோடு கவிழ்த்து, ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். குப்பை என்று நினைத்தது நடக்கத் தொடங்கும்.

மூன்று வால் இழைகளோடு, வயிற்றின் இருபுறமும் இதழ் போன்ற செவுள்களை அசைத்துக்கொண்டு, கல்லோடு ஒட்டி ஓடும் சிறு பூச்சி ஒன்று இருக்கும். மேஃபிளை என்பதன் இளம்பருவம் அது. மணலையும் குச்சியையும் பட்டுநூலால் ஒட்டிக் குழல்போலக் கூடு கட்டிக்கொண்டு, அதற்குள்ளிருந்து தலையை நீட்டும் புழு இன்னொன்று. இந்த இரண்டும் நல்ல எண்ணிக்கையில் இருந்தால் ஆக்சிஜனும் நன்று, அண்மையில் பூச்சிமருந்தும் வரவில்லை என்று பெரும்பாலும் சொல்லலாம். தட்டான் பூச்சியின் இளம்பருவம் நடுத்தரம். ஓரளவு மாசைத் தாங்கும். இரத்தச் சிவப்பில் நெளியும் புழுக்களும் மெல்லிய மண்புழு போன்றவையும் மட்டுமே தட்டு நிறைய இருந்தால் அங்கே ஆக்சிஜன் பஞ்சம். நீரின் மேல் வழுக்கி ஓடும் பூச்சிகளையும், மேலே வந்து காற்றெடுத்துப் போகும் வண்டுகளையும் கணக்கில் சேர்க்காதீர்கள். தண்ணீரில் ஆக்சிஜன் உண்டா இல்லையா என்பது அவற்றுக்குப் பொருட்டில்லை.

உங்கள் சந்தேகத்தைத் தீர்க்கக்கூடிய அடையாளம் இது: மேல் இடத்தில் மேஃபிளையும் மணல்கூடு கட்டும் புழுவும் இறாலும் இருந்து, கீழ் இடத்தில் நத்தையும் மண்புழு வகையும் மட்டும் இருந்தால், ஆக்சிஜனும் நன்றாக இருந்தால், பூச்சிக்கொல்லி வந்துபோயிருக்கிறது என்பதற்கு அதைவிட வலுவான கள ஆதாரம் நமக்குக் கிடைப்பது அரிது. இது கிராமத்து வைத்தியம் அல்ல. பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஆறுகளைத் தரம் பிரித்தார்கள்; நம் மத்திய வாரியமும் இந்த அடிப்படையில் உயிரியல் நீர்த்தர அளவுகோலை வகுத்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. நம் ஓடைகள் கோடையில் வறள்பவை. காய்ந்து கிடந்த ஓடையில் தண்ணீர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தால், பூச்சி குறைவாக இருப்பது வறட்சியின் அடையாளமே ஒழிய மருந்தின் அடையாளம் அல்ல. வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை அப்படியே கொண்டுவந்து ‘மோசம்’ என்று முடிவு கட்டக்கூடாது. அதனால்தான் மேலும் கீழும் ஒரே நாளில் பார்க்கவேண்டும் என்று வலியுறுத்துகிறேன். முடிந்தால் மருந்தடிக்காத பக்கத்து ஓடை ஒன்றையும் அதே நாளில் பாருங்கள்.

ஆய்வகத்துக்கு இன்னும் எதையாவது அனுப்ப விரும்பினால், வண்டலை அனுப்புங்கள். பைரெத்திராய்டுகள் தண்ணீரில் நிற்பதில்லை. சீக்கிரமே மண் துகளோடு ஒட்டி அடியில் படிந்துவிடும், அங்கே வாரக்கணக்கில் இருக்கும். ஓட்டம் தேங்கும் வளைவுகளில், மேலாக உள்ள இரண்டு சென்டிமீட்டர் மென்சேற்றை எவர்சில்வர் கரண்டியால் எடுத்து, கண்ணாடிச் சாடியில் போட்டு, மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள் வைத்து, ஐஸில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், மருந்து அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ‘பூச்சிமருந்து பாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் கருவி எதைத் தேடுவது என்று தெரியாமல் நிற்கும். வரப்பில் கிடக்கும் காலி பாட்டில்களின் உறைச்சீட்டைப் படம் எடுத்து, அதில் உள்ள மருந்தின் பெயரைக் கொடுங்கள். மேல்மடைக்காரர்களிடம் நேரிலேயே பேசுங்கள், ஆனால் குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம். "மாமா, போன மாதம் மல்லிகைக்கு மொட்டுப்புழு அதிகமோ, எதை அடித்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அவர்களில் பலருக்குக் கீழே மீன் செத்த செய்தியே வந்திருக்காது.

அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை, மீன் சாவை மீன்வளத் துறைக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அன்றே எழுத்தில் தெரிவிக்கவேண்டும். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 21ஆம் பிரிவில், கழிவுநீர் மாதிரியை எப்படி எடுக்கவேண்டும் என்று வரையறுக்கிறது: அதிகாரி எடுத்து, இடத்துக்குப் பொறுப்பானவரிடம் அங்கேயே அப்போதே அறிவிப்புக் கொடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிடவேண்டும். நீங்கள் எடுத்த பாட்டில் அந்த முறைப்படியான சான்று ஆகாது. ஆனால் அதிகாரி எங்கே, எதைத் தேடவேண்டும் என்று காட்டுவதற்கு உங்கள் படங்களும் குறிப்பேடும் போதும். குழாய் வைத்துக் கழிவு விடும் ஆலை என்றால் சட்டம் நேராகப் பாயும். பத்துத் தோட்டங்களிலிருந்து மழையோடு வடிவதற்குச் சட்டத்தில் பிடி குறைவு. அதற்கு ஊர்க் கூட்டமே வேகமான வழி என்று அனுபவத்தில் கண்டிருக்கிறேன். மருந்து அடித்த வயலின் வடிமடையைச் சில நாள் அடைத்து வைப்பது, தெளிப்பானையும் பாட்டிலையும் மூன்று முறை அலசி அந்த நீரைத் தெளிப்பானுக்குள்ளேயே ஊற்றி வயலில் அடித்துவிடுவது, ஓடைக் கரையில் சில அடி அகலத்துக்கு மருந்தடிக்காமல் விடுவது, மேகம் கூடியிருக்கும் மாலையில் அடிக்காமல் இருப்பது. இந்த நான்குக்கும் செலவு அதிகமில்லை. கண்மாய் மீன் ஏலம் எடுத்தவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள், நட்டம் அவருக்கும்தான்.

மாட்டைப் பற்றி. மீன் செத்த நாளிலிருந்து இத்தனை நாள் ஆகி, இடையில் மழையும் பெய்து, மேலே புதிதாக மருந்தடிக்காமல் இருந்தால், ஓடும் நீரில் மாடு இறங்குவதில் நான் பெரிதாக அஞ்சமாட்டேன். தேங்கிய குட்டைகளில் இறக்காதீர்கள். நைட்ரேட் அளவை மட்டும் மறுபடி பாருங்கள்: மாட்டின் அசையிரைப்பையில் நைட்ரேட், நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும், இரத்தம் பழுப்பாகிவிடும். உங்கள் அறிக்கையின் நைட்ரேட் எண் மனிதர் குடிநீருக்கான 45 மில்லிகிராமுக்குள் இருந்தால் மாட்டுக்குக் கவலையில்லை. ஓடைக்கரைக் கிணற்றைக் குடிக்கப் பயன்படுத்துபவர்கள் தனியாகச் சோதிக்கட்டும். ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டி இருந்தால் நைட்ரேட்டை அதிலேயே பார்த்துவிடலாம், பூச்சிமருந்தை அது காட்டாது. மிதந்த மீனை யாராவது அள்ளிக்கொண்டுபோய்க் குழம்பு வைத்தார்களா என்று விசாரியுங்கள். அடுத்த முறை அப்படி நடக்க விடாதீர்கள். கோழிக்கும் போடவேண்டாம், ஓடையை விட்டுத் தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள்.

அடுத்த முறை என்று சொல்வது எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் ஆயத்தமாக இருப்பது நல்லது. ஓடைக்கு அருகில் உள்ள ஒரு வீட்டில் கழுவி உலர்த்திய நான்கு கண்ணாடி பாட்டில்கள், அலுமினியத் தாள், ஒட்டுச் சீட்டு, பென்சில், ஓர் ஐஸ் பெட்டி இருக்கட்டும். மீன் தள்ளாடுவதைப் பார்த்த உடனே, விடியும் வரை காத்திராமல், மேலே ஒன்று, தோட்டத்து வடிகால் சேரும் இடத்தில் ஒன்று, கீழே இரண்டு என்று விளிம்பு வரை நிரப்புங்கள். இடம், நேரம், நிறம், நாற்றம் எழுதுங்கள். உப்பி மிதக்கும் மீன் வேண்டாம். செவுள் இன்னும் சிவப்பாக, கண் தெளிவாக இருக்கும் மீன் ஐந்தாறை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் வையுங்கள். குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் மீனின் மூளையில் உள்ள ஒரு நொதியை முடக்கிவிடும். தண்ணீரில் மருந்து கரைந்து போன பிறகும் அந்த முடக்கத்தை ஆய்வகத்தில் அளக்க முடியும்.

இந்த வாரம் வலை போட்டுப் பார்க்கும்போது மூன்று தட்டுகளையும் தனித்தனியாகப் படம் எடுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம் வைத்து. பின் மாதம் ஒருமுறை அதே மூன்று இடங்களில். மேலிருந்து அடித்துவரப்படும் பூச்சிகள் கீழே குடியேறச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும். கீழ்த் தட்டில் முதல் மேஃபிளை தென்பட்டதும், அதற்குப் பின் மணலில் அயிரைக் குஞ்சு தென்பட்டதும், தேதியோடு குறித்து வையுங்கள். ஓடை பிழைத்ததா என்ற உங்கள் கேள்விக்கு விடை அந்தக் குறிப்பில் இருக்கும்.